லாகின் திரையில் நம் படம்: எந்த வழியில் போனால் தலைவலி குறைவு?

டெஸ்க்டாப் வால்பேப்பரை மாற்றுவது ஒரு ரைட் கிளிக் விவகாரம், அதற்குக் கட்டுரை தேவையில்லை. ஆனால் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் பாஸ்வேர்டோ பின் நம்பரோ கேட்கிறதே, அந்தத் திரையின் பின்னணியை மாற்ற வேண்டும் என்று யாராவது தேட ஆரம்பித்தால் கிடைப்பதெல்லாம் கதம்பம்தான். விண்டோஸ் 7 காலத்து ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் பட்டியல்) வித்தை ஒன்று, 2015-இல் யாரோ எழுதிய ஒரு குட்டி மென்பொருளின் டவுன்லோடு லிங்க் ஒன்று, பத்துக் கட்டளைகளை டெர்மினலில் அப்படியே ஒட்டச் சொல்லும் லினக்ஸ் குறிப்பு ஒன்று. எது எந்தப் பதிப்புக்கு என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. சரி, இருக்கிற வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அடுத்த அப்டேட் வந்த பிறகும் நிற்கிற வழிதான் வழி. ஒரு படத்துக்காக மூன்று மாதத்துக்கு ஒருமுறை மல்லுக்கட்ட எனக்குப் பொறுமை இல்லை, உங்களுக்கும் இருக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து விண்டோஸில் இருப்பது இரண்டு திரைகள். பெரிய கடிகாரமும் தேதியும் தெரிவது லாக் ஸ்கிரீன். ஏதாவது ஒரு கீயைத் தட்டியதும் அது விலகி, உங்கள் பெயரும் பின் நம்பர் கட்டமும் வருவது சைன்-இன் திரை. முன்னது திண்ணை, பின்னது நிலைக்கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 8-இல் சைன்-இன் திரைக்கு வெறும் ஒற்றை நிறம்தான். 2015 ஜூலையில் விண்டோஸ் 10 வந்தபோது, இருட்டுக்குள் ஒரு ஜன்னல் வழியாக நீல ஒளி பாயும் அந்தப் புகழ்பெற்ற படத்தை அங்கே வைத்தார்கள். அதைப் பலரும் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு ஸ்டூடியோவுக்குள் ஜன்னல் செய்து வைத்து, புகை விட்டு, லேசரும் புரொஜெக்டரும் அடித்து, பிராட்லி முன்கோவிட்ஸ் என்ற வடிவமைப்பாளரின் குழு கேமராவில் எடுத்தது. அழகான படம்தான், ஆனால் அதை மாற்ற வழியே கொடுக்கவில்லை. மாற்றியே தீருவேன் என்றவர்கள் சிஸ்டம் ஃபைலில் கைவைத்தார்கள், அந்தக் கதைக்கு அப்புறம் வருகிறேன். 2016 ஆகஸ்டில் வந்த ஆனிவர்சரி அப்டேட்டில்தான், லாக் ஸ்கிரீனில் இருக்கும் படத்தையே சைன்-இன் திரையிலும் காட்டலாம் என்று ஒரு ஸ்விட்ச் வந்தது.

அதனால் இன்றைக்கு விண்டோஸ் 10 ஆனாலும் 11 ஆனாலும் சைன்-இன் திரைக்கென்று தனியாகப் படம் கிடையாது. லாக் ஸ்கிரீனுக்கு எதை வைக்கிறீர்களோ அதுவே உள்ளேயும் வரும், அவ்வளவுதான். இது தெரியாமல்தான் பாதிப் பேர் ரெஜிஸ்ட்ரிக்குள் இறங்குகிறார்கள்.

செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கும் மூன்று

செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், அதில் லாக் ஸ்கிரீன். அங்கே ஸ்பாட்லைட், பிக்சர், ஸ்லைடுஷோ என்று மூன்று இருக்கும். லாக் ஸ்கிரீன் படத்தை சைன்-இன் திரையிலும் காட்டச் சொல்லும் ஸ்விட்ச் அதே பக்கத்தின் கீழே இருக்கிறது, அதை ஆன் செய்துகொள்ளுங்கள். அந்தப் பக்கம் முழுக்கச் சாம்பல் நிறமாகி எதையும் தொட முடியவில்லை என்றால், பெரும்பாலும் உங்கள் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகவில்லை, அல்லது அது ஆபீஸ் லேப்டாப்பாக இருந்து அங்கே பூட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது ரகம் என்றால் கைவைக்காதீர்கள், அது உங்கள் பொருள் இல்லை.

ஸ்பாட்லைட் என்பது மைக்ரோசாப்டே படங்களை நெட் வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும் ஏற்பாடு. நார்வே கடற்கரை, ஏதோ ஒரு பாலைவனம், ஒரு நரிக்குட்டி என்று மாறிக்கொண்டே இருக்கும். படங்களின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதோடு கூடவே மேலே 'இந்த இடம் எது தெரியுமா' என்கிற மாதிரி வாசகங்களும் சில சமயம் மைக்ரோசாப்டின் சொந்த விளம்பரமும் ஒட்டிக்கொண்டு வரும், பிக்சருக்கு மாறினால்தான் அவற்றை நிறுத்துவதற்கான டிக்கை எடுக்க முடியும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் காலம் தள்ளுகிறவர்களுக்கு இது தேவையில்லாத டேட்டா செலவு. நெட் இல்லாத கம்ப்யூட்டரில் ஒரே படம் வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், அதற்கு நாமே ஒன்றை வைத்துவிடலாம். ஒன்று மட்டும்: ஸ்பாட்லைட்டில் வந்த படம் பிடித்துப்போய் அதையே நிரந்தரமாக வைக்க ஆசைப்பட்டால், அது உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா, லோக்கல், பேக்கேஜஸ் என்று போய், பெயரில் கன்டென்ட் டெலிவரி மேனேஜர் என்று வரும் ஃபோல்டரின் லோக்கல்ஸ்டேட்டுக்குள் அசெட்ஸ் என்ற இடத்தில் பெரும்பாலும் கிடக்கும். ஃபைல்களுக்கு நீளமான, அர்த்தமில்லாத பெயர்கள் இருக்கும், கடைசியில் ஜேபிஜி என்று சேர்க்காமல் திறக்காது. வேறொரு ஃபோல்டருக்குக் காப்பி எடுத்து அங்கே பெயரை மாற்றுங்கள், இருந்த இடத்திலேயே மாற்ற வேண்டாம்.

ஸ்லைடுஷோ கேட்க நன்றாக இருக்கும், குடும்பப் படங்கள் ஒன்று மாற்றி ஒன்று வரும் என்று. எனக்கு இதில் நம்பிக்கை குறைவு, காரணம் படத்தின் அழகு இல்லை, ஃபோல்டர். ஸ்லைடுஷோவைத் தேர்ந்தெடுத்ததும் அது பிக்சர்ஸ் ஃபோல்டரைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும், அதற்குமேல் கேமரா ரோலையும் ஒன்டிரைவில் இருப்பதையும் சேர்த்துக்கொள்ளட்டுமா என்று அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் ஒரு ஸ்விட்ச் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் பிக்சர்ஸ் ஃபோல்டர் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்: ஆதார் கார்டு ஸ்கேன், பான் கார்டின் இரண்டு பக்கமும், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், கேஸ் புக் போட்டோ, அப்புறம் வாட்ஸ்அப்பில் வந்த குட் மார்னிங் ரோஜா. பாஸ்வேர்டு போடுவதற்கு முன்பே தெரிகிற திரையில் இதெல்லாம் ஒவ்வொன்றாக ஓடினால் பாஸ்வேர்டு எதற்கு? ஸ்லைடுஷோதான் வேண்டும் என்றால் லாக் ஸ்கிரீனுக்கென்றே ஒரு தனி ஃபோல்டர் உண்டாக்கி, தேர்ந்தெடுத்த பத்துப் படங்களை மட்டும் அதில் போட்டு, பிக்சர்ஸ் ஃபோல்டரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பேட்டரியில் ஓடும்போது ஸ்லைடுஷோ வேண்டாம் என்பதையும் அங்கேயே சொல்லிவிடலாம்.

மிச்சம் இருப்பது பிக்சர். ஒரே படம், நீங்கள் எடுத்தது, நீங்கள் மாற்றும்வரை மாறாது, நெட் வேண்டாம், அட்மின் உரிமையும் வேண்டாம். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு இது போதும் என்பதுதான் என் கணிப்பு. ஆனால் இதை வைத்துவிட்டுப் பார்த்தால் லாக் ஸ்கிரீனில் பளிச்சென்று இருக்கும் படம், சைன்-இன் திரையில் கண்ணாடி போடாமல் பார்த்த மாதிரி மங்கலாகத் தெரியும். அங்கேதான் அடுத்த கேள்வி.

மங்கலை எடுப்பதா, விடுவதா

2019 மே மாதம் வந்த விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்துதான் இந்த மங்கல். அக்ரிலிக் என்று அதற்குப் பெயர். இதை எடுக்க மூன்று வழிகள், மூன்றும் மைக்ரோசாப்ட் அனுமதித்தவைதான், ஆனால் விளைவு ஒன்றல்ல.

எல்லாவற்றிலும் சுலபம், பர்சனலைசேஷனில் கலர்ஸ் பக்கத்தில் டிரான்ஸ்பரன்சி எஃபெக்ட்ஸை ஆஃப் செய்வது. ஒரே கிளிக். ஆனால் சைன்-இன் திரையோடு சேர்ந்து டாஸ்க்பார், ஸ்டார்ட் மெனு எல்லாமே அந்தக் கண்ணாடித்தன்மையை இழந்துவிடும். பழைய, 4 ஜிபி ரேம் லேப்டாப்பில் இது ஒரு நஷ்டமே இல்லை, அங்கே நானே ஆஃப் செய்யச் சொல்வேன். புது மெஷினில் அந்தப் பளபளப்பு உங்களுக்குப் பிடித்திருந்தால், சைன்-இன் திரைக்காக மொத்தத்தையும் இழக்க வேண்டியதில்லை.

ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு, செட்டிங்ஸில் இல்லாத கட்டுப்பாடுகளையும் மாற்ற உதவும் குரூப் பாலிசி எடிட்டர் இருக்கிறது. அதில் கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், லாகான் என்று வரிசையாகப் போனால் 'ஷோ கிளியர் லாகான் பேக்கிரவுண்ட்' என்று ஒன்று இருக்கும், அதை எனேபிள் செய்தால் சைன்-இன் திரையின் மங்கல் மட்டும் போகும், வேறு எதுவும் மாறாது. கடையில் வாங்கும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் வருவது ஹோம் பதிப்பு, அதில் இந்த எடிட்டர் கிடையாது. ஹோமில் இதை நுழைத்துத் தருகிறேன் என்று சுற்றும் பேட்ச் ஃபைல்கள் பக்கம் போகாதீர்கள், அவசியமே இல்லை, ஏனென்றால் அந்தப் பாலிசி கடைசியில் செய்வது ரெஜிஸ்ட்ரியில் ஒரே ஒரு வரி எழுதுவதைத்தான். அதை நாமே எழுதிவிடலாம். ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாப்ட், விண்டோஸ் என்று இறங்குங்கள். அதற்குள் சிஸ்டம் என்ற கீ இருக்கும், இல்லாவிட்டால் உண்டாக்குங்கள். அதில் 32-பிட் டிவேர்டு (எண் மதிப்பு) ஒன்றை 'டிஸேபிள்அக்ரிலிக்பேக்கிரவுண்ட்ஆன்லாகான்' (DisableAcrylicBackgroundOnLogon) என்ற பெயரில், ஆங்கிலத்தில் இடைவெளியே விடாமல் எழுதி, மதிப்பை 1 என்று வையுங்கள். பிடிக்காவிட்டால் அந்த ஒரு வரியை அழித்தால் பழையபடி ஆகிவிடும். ரெஜிஸ்ட்ரி என்றாலே பயப்படுகிறவர்களுக்கு: இது இருக்கிற எதையும் மாற்றவில்லை, புதிதாக ஒரு வரி சேர்க்கிறது, அதனால்தான் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

ஆனால் எடுத்துத்தான் ஆகவேண்டுமா என்று ஒருமுறை யோசியுங்கள். சைன்-இன் திரையில் உங்கள் பெயரும் மற்ற எழுத்துகளும் வெள்ளையில்தான் வரும். படத்தின் நடுவே வெளிச்சம் அதிகமாக இருந்தால் மங்கல்தான் அந்த எழுத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. வாசலில் போட்ட பொங்கல் கோலத்தைப் படமெடுத்து வைத்து மங்கலையும் எடுத்துவிட்டீர்கள் என்றால், வெள்ளைப் புள்ளிகளுக்கும் இழைகளுக்கும் நடுவே பெயர் எங்கே முடிகிறது, பின் நம்பர் மறந்துவிட்டது என்று சொல்லும் வரி எங்கே ஆரம்பிக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். இரவு நேரப் படம், கருங்கல் மண்டபம், மழைக்கால வயல், கரும்பச்சையாக இருக்கும் தேயிலைத் தோட்டம், இதுபோன்ற அடர்த்தியான படமென்றால் தாராளமாக மங்கலை எடுங்கள். மெரினாவில் நடுப்பகலில் எடுத்த வானம் என்றால் விட்டுவிடுங்கள்.

ஒரே கம்ப்யூட்டர், பல பேர்

மேலே சொன்னது எல்லாம் ஒரு ஆளுக்கு ஒரு லேப்டாப் என்ற கணக்கில். லாக் ஸ்கிரீன் படம் ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனி என்பதால், வீட்டில் அப்பாவுக்கு ஒரு கணக்கு, பிள்ளைக்கு ஒரு கணக்கு என்று இருந்தால், ஆன் செய்யும்போது யார் கடைசியாக உள்ளே போனாரோ அவர் வைத்த படம்தான் வந்து நிற்கும். வீட்டில் இது சண்டையாகலாம், சிரிப்பாகவும் ஆகலாம், விட்டுவிடலாம். கடை கவுண்டரில் இருக்கும் பில்லிங் கம்ப்யூட்டர் என்றால் விட முடியாது. மெடிக்கல் ஷாப்பில் காலை ஷிஃப்ட் பையன் வைத்த நடிகர் படம் சாயங்காலம் வரைக்கும் வாடிக்கையாளர் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தால் முதலாளிக்கு எப்படி இருக்கும்?

இதற்கு எல்லோருக்கும் ஒரே படத்தைப் பூட்டிவைக்கும் வழி உண்டு. லாக் ஸ்கிரீன் படத்தைக் கட்டாயப்படுத்தும் குரூப் பாலிசி ஒன்று இருக்கிறது, ஆனால் மைக்ரோசாப்ட் கணக்குப்படி அது என்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளுக்குத்தான். ப்ரோவில் அதற்குப் பதிலாக எல்லோரும் பிடிப்பது ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷினுக்குக் கீழே, விண்டோஸின் கரன்ட்வெர்ஷனுக்குள் 'பர்சனலைசேஷன்சிஎஸ்பி' (PersonalizationCSP) என்ற கீயை உண்டாக்கும் வழி. அதில் லாக்ஸ்கிரீன்இமேஜ்பாத் (LockScreenImagePath), லாக்ஸ்கிரீன்இமேஜ்யூஆர்எல் (LockScreenImageUrl) என்று இரண்டு ஸ்ட்ரிங் (எழுத்து மதிப்பு), இரண்டிலும் படம் இருக்கும் இடம், கூடவே லாக்ஸ்கிரீன்இமேஜ்ஸ்டேட்டஸ் (LockScreenImageStatus) என்று ஒரு டிவேர்டு, மதிப்பு 1. வைத்ததும் லாக் ஸ்கிரீன் பக்கத்தில் 'இந்த அமைப்புகளில் சிலவற்றை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்ற பொருளில் ஒரு வரி வந்து படத்தை மாற்றுவது பூட்டிக்கொள்ளும். சொந்தக் கடை வைத்திருப்பவர் அந்த வரியைப் பார்த்து ஹேக் ஆகிவிட்டது என்று பதறுவார், முன்கூட்டியே சொல்லிவையுங்கள். படத்தை எந்த யூசரின் ஃபோல்டரிலும் வைக்காதீர்கள், சி டிரைவில் பொதுவான ஓர் இடத்தில் வைத்து யாரும் அழிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஹோம் பதிப்பில் இதை நம்பி இறங்க வேண்டாம். அங்கே பாதி மாற்று ஒன்று இருக்கிறது: சைன்-இன் திரையில் படம் காட்டும் ஸ்விட்சை ஆஃப் செய்து அந்தத் திரையையாவது வெறும் நிறத்தோடு விட்டுவிடுவது, லாக் ஸ்கிரீன் படம் மட்டும் அப்படியே இருக்கும். கவுண்டர் கம்ப்யூட்டருக்கு அது ஒரு குறையே இல்லை, சொல்லப்போனால் நான் அதைத்தான் விரும்புவேன்.

இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் பழைய வழிகள்

விண்டோஸ் 7-இல் ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது. லேப்டாப் கம்பெனிகள் தங்கள் லோகோவோடு லாகின் திரை வைத்துக்கொள்வதற்காக மைக்ரோசாப்டே திறந்துவைத்த கதவு அது. ரெஜிஸ்ட்ரியில் ஓஇஎம்பேக்கிரவுண்ட் என்பதை 1 ஆக்கி, சிஸ்டம்32-க்குள் ஊபி (oobe), இன்ஃபோ, பேக்கிரவுண்ட்ஸ் என்று ஃபோல்டர்கள் உண்டாக்கி, பேக்கிரவுண்ட்டிஃபால்ட் என்ற பெயரில் ஒரு ஜேபிஜி போட்டால் முடிந்தது. படம் 256 கேபிக்குள் இருக்க வேண்டும், அதைத் தாண்டினால் ஒன்றும் சொல்லாமல் பழைய படத்தையே காட்டும், அதில் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் ஏராளம். இந்த வழி விண்டோஸ் 10-லும் 11-லும் எடுபடாது. விண்டோஸ் 7-க்கான ஆதரவே 2020 ஜனவரி 14-இல் முடிந்துபோனது, ஆனாலும் தேடினால் முதல் பக்கத்தில் இதுதான் வந்து நிற்கிறது. ஊபி என்ற சொல்லைப் பார்த்தாலே அந்தக் குறிப்பை மூடிவிடுங்கள்.

அடுத்தது ஆபத்தானது. விண்டோஸ் 10 வந்த முதல் வருடத்தில், படத்தை மாற்ற வழி இல்லாத அந்த இடைவெளியில், லாகின் படத்தை மாற்றித் தருகிறோம் என்று சில குட்டி மென்பொருள்கள் வந்தன. அவை செய்தது என்னவென்றால், விண்டோஸ் ஃபோல்டரின் சிஸ்டம்ரிசோர்சஸுக்குள் லாகின் திரைக்கான படங்கள் எல்லாவற்றையும் அடைத்து வைத்திருக்கும் ஒரு பிஆர்ஐ ஃபைலின் உரிமையைப் பிடுங்கி, அதை உடைத்து, நம் படத்தைத் திணித்து மறுபடி கட்டியது. அந்த ஃபைல் கெட்டுப்போனால் கெடுவது வால்பேப்பர் இல்லை, பாஸ்வேர்டு போடும் திரையே ஒழுங்காக வராது, வீட்டுக்குள் போக முடியாமல் வெளியே நிற்க வேண்டியதுதான். கெடாமல் தப்பினாலும் அடுத்த பெரிய அப்டேட்டில் விண்டோஸ் தன் சொந்த ஃபைலைத் திரும்ப வைத்துவிடும், சிஸ்டம் ஃபைல்களைச் சரிபார்க்கும் எஸ்எஃப்சி ஸ்கேன் ஓட்டினாலும் அதே கதிதான். அன்றைக்கு வேறு வழி இல்லாததால் அதற்கு ஒரு நியாயம் இருந்தது, இன்றைக்கு செட்டிங்ஸில் ஒரு ஸ்விட்சாகவே அது இருக்கும்போது, யார் எழுதியது என்றே தெரியாத ஒரு பழைய எக்ஸி ஃபைலுக்கு அட்மின் உரிமை கொடுத்து அதைச் செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. அனிமேஷன், வீடியோ எல்லாம் லாக் ஸ்கிரீனில் ஓடும் என்று விளம்பரம் செய்கிற மென்பொருள்களையும் சந்தேகத்தோடு பாருங்கள், அவற்றில் பல, உண்மையான லாக் ஸ்கிரீனுக்கு மேலே தாங்களே ஒரு ஜன்னலை விரித்துக் காட்டுகிறவை.

மேக் வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல அதிகம் இல்லை. லைப்ரரியின் கேஷ் ஃபோல்டரில் ஒரு பிஎன்ஜி ஃபைலை மாற்றிவைக்கும் வித்தை பழைய பதிப்புகளில் ஓடியது, 2019-இல் வந்த கட்டலினாவிலிருந்து சிஸ்டம் பகுதியையே எழுத முடியாதபடி பிரித்துவிட்டார்கள், அதோடு சிஸ்டம் ஃபைலில் கைவைக்கும் விளையாட்டுகளுக்குப் பெரும்பாலும் முற்றுப்புள்ளி. உங்கள் வால்பேப்பரை மாற்றினால் லாக் திரையும் மாறும், அதைத் தாண்டி மெனக்கெட வேண்டாம். 2023-இல் வந்த சொனோமாவிலிருந்து லாக் திரையில் மெதுவாக நகரும் வான்வழிக் காட்சிகளும் ஆப்பிளே கொடுக்கிறது. விண்டோஸ்காரர்கள் பொறாமைப்பட அது ஒன்று.

லினக்ஸில் எது உங்கள் வாசலில் நிற்கிறது?

இங்கே கேள்வியே வேறு. லாகின் திரையைக் காட்டுவது டெஸ்க்டாப் இல்லை, அதற்கு முன்பே எழுந்துவிடும் டிஸ்ப்ளே மேனேஜர் என்ற தனி நிரல். உங்களிடம் இருப்பது லைட்டிஎம்மா, எஸ்டிடிஎம்மா, ஜிடிஎம்மா என்பதைப் பொறுத்து இது இரண்டு நிமிட வேலையாகவோ ஒரு மாலைநேரத் தலைவலியாகவோ இருக்கும்.

லினக்ஸ் மின்ட் வைத்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. சிஸ்டம் செட்டிங்ஸில் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் லாகின் விண்டோ என்றே ஒன்று இருக்கிறது, பாஸ்வேர்டு கேட்கும், படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதுதான். ஒரே ஒரு பொறி: அதே பக்கத்தில் யூசரின் சொந்தப் பின்னணியை வரையட்டுமா என்று ஒரு ஸ்விட்ச் இருக்கும். அது ஆனில் இருந்தால் நீங்கள் வைத்த படம் ஒரு நொடி தலைகாட்டிவிட்டு, உங்கள் டெஸ்க்டாப் வால்பேப்பர் வந்து உட்கார்ந்துகொள்ளும். படம் மாறவே இல்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் அதை ஆஃப் செய்து பாருங்கள். கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் எஸ்டிடிஎம் தான் வழக்கம், சிஸ்டம் செட்டிங்ஸில் லாகின் ஸ்கிரீன் பக்கத்தில் ப்ரீஸ் தீமைத் தேர்ந்தெடுத்து அதன் மேலிருக்கும் படம் மாற்றும் பட்டனை அழுத்தினால் போதும். நீங்கள் மாற்றுவது தனியாக ஒரு யூசர் கான்ஃபிக் ஃபைலில் எழுதப்படுவதால் தீம் அப்டேட் ஆனாலும் உங்கள் படம் நிற்கும். என் கட்சிக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

உபுண்டுதான் வம்பு. 2017 அக்டோபரில் வந்த 17.10 பதிப்பில் லைட்டிஎம்மை விட்டுவிட்டு ஜிடிஎம்முக்கு மாறினார்கள். ஜிடிஎம் தன் லாகின் திரையின் தோற்றத்தை ஜிரிசோர்ஸ் என்ற ஒரே மூட்டைக்குள் கட்டி வைத்திருக்கிறது. இணையத்தில் இருக்கும் ஸ்கிரிப்ட்டுகள் பெரும்பாலும் அந்த மூட்டையை அவிழ்த்து, உள்ளே தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் ஃபைலில் ஒரு வரியை மாற்றி, மறுபடி கட்டுகின்றன. விண்டோஸின் பிஆர்ஐ கதையேதான்: உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம் ஷெல் அப்டேட் ஆனதும் போய்விடும், கட்டுவதில் பிழை வந்தால் லாகின் திரை வராது, அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி எழுத்து மட்டும் தெரியும் திரைக்குப் போய், தீம் பேக்கேஜை மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும். அது கைவந்தவர்கள் செய்யட்டும். மற்றவர்கள் ஃபிளாட்ஹப் என்ற லினக்ஸ் ஆப் தளத்தில் கிடைக்கும் ஜிடிஎம் செட்டிங்ஸ் என்ற ஆப்பைப் பாருங்கள், பட்டன்களோடு அதே வேலையைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் செய்கிறது, பழையபடி ஆக்கவும் வழி வைத்திருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால், உபுண்டுவில் ஒருமுறை உள்ளே போன பிறகு பூட்டும் திரையில் உங்கள் வால்பேப்பர்தான் மங்கலாகத் தெரியும், லேப்டாப்பை அடிக்கடி ஷட்டவுன் செய்யாமல் மூடித் திறப்பவர் அன்றாடம் பார்ப்பது அதைத்தான். முதல் திரை சாம்பல் நிறத்தில் இருந்துவிட்டுப் போகட்டும்.

எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை) ஆனாலும் ஒரு விஷயம் பொது. படத்தை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்துவிட்டு அதைக் காட்டச் சொன்னால் பெரும்பாலும் வராது. லாகின் திரை ஓடுவது உங்கள் பெயரில் அல்ல, அதற்கென்று இருக்கும் தனி யூசரின் பெயரில். உபுண்டுவில் 21.04-இலிருந்து ஹோம் ஃபோல்டரை மற்ற யூசர்கள் எட்டிப்பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டார்கள், ஹோமை என்கிரிப்ட் செய்திருந்தால் கேட்கவே வேண்டாம். படத்தை யூஎஸ்ஆர், ஷேர், பேக்கிரவுண்ட்ஸ் என்ற ஃபோல்டருக்குக் காப்பி செய்து, எல்லோரும் படிக்கலாம் என்ற அனுமதியோடு வைத்துவிட்டு அப்புறம் தேர்ந்தெடுங்கள்.

படம் எது?

வழி எதுவானாலும் கடைசியில் சொதப்புவது படத்தின் வடிவத்தில்தான். மொபைலில் நிற்க வைத்து எடுத்த படம் நெடுக்காக இருக்கும், லேப்டாப் திரை அகலமாக 1366-க்கு 768 என்றோ 1920-க்கு 1080 என்றோ இருக்கும். விண்டோஸ் அகலத்தை நிரப்பிவிட்டு மேலும் கீழும் வெட்டிவிடும். கோபுரத்தை அண்ணாந்து எடுத்த படமென்றால் கலசம் இருக்காது, நடுவில் இரண்டு நிலை மட்டும் தெரியும். அதனால் முதலிலேயே 16-க்கு 9 என்ற அளவில் நீங்களே வெட்டிக்கொள்ளுங்கள். அப்புறம் கடிகாரம்: விண்டோஸ் 10-இல் அது இடதுபக்கம் கீழே, 11-இல் மேலே நட்டநடுவில். பின் நம்பர் கட்டம் இரண்டிலும் நடுவில். அதனால் சாமி படமோ குழந்தை படமோ வைக்கிறவர்கள் முகம் வலதுபக்கமோ இடதுபக்கமோ ஒதுங்கியிருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் முருகனின் நெற்றியில் மணி பத்து நாற்பது என்று இருக்கும். விண்டோஸ் 11-இல் கீழே வானிலை, பங்குச்சந்தை என்று அட்டைகள் வேறு வந்து படத்தை மறைக்கும், லாக் ஸ்கிரீன் பக்கத்தில் ஸ்டேட்டஸ் என்றோ விட்ஜெட்ஸ் என்றோ இருக்கும் இடத்தில் எதுவும் வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். இரண்டு மானிட்டர் போட்டிருந்தால் படம் முதன்மையான மானிட்டரில் மட்டும்தான் வரும், இன்னொன்று வெறுமையாக இருக்கும், அதைச் சரிசெய்கிறேன் என்று நேரத்தை வீணாக்காதீர்கள்.

பஸ்ஸிலும் ரயிலிலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு இந்தத் திரையில் ஒரு உபயோகம் இருக்கிறது. பூட்டியிருக்கும் லேப்டாப்பை யாராவது நல்ல மனிதர் கண்டெடுத்தால் அவரால் பார்க்க முடிகிற ஒரே இடம் இதுதான். மேக்கில் லாக் ஸ்கிரீன் செட்டிங்ஸிலேயே ஒரு செய்தியைக் காட்டும் வசதி உண்டு. விண்டோஸில் லீகல் நோட்டீஸ் என்று ரெஜிஸ்ட்ரியில் எழுதும் வழி இருக்கிறது, ஆனால் அது ஒவ்வொரு முறையும் ஓகே அழுத்தச் சொல்லி நம்மையே நச்சரிக்கும், அதைவிட நம்பரைப் படத்திலேயே எழுதிவிடுவது மேல். பெயின்டில் திறந்து, வலதுபக்கம், உயரத்தில் பாதிக்குக் கொஞ்சம் கீழே, வெளிர் எழுத்தில் வீட்டிலிருக்கும் யாராவது ஒருவருடைய நம்பரைப் போடுங்கள், உங்கள் சொந்த நம்பர் வேண்டாம், பையோடு சேர்த்து மொபைலும் தொலைந்திருக்கலாம். முகவரி எழுதாதீர்கள். சேவ் செய்து, லாக் ஸ்கிரீனில் வைத்து, விண்டோஸ் கீயோடு எல் எழுத்தைச் சேர்த்து அழுத்தி, கொஞ்சம் தள்ளி நின்று நம்பர் படிக்க வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.